அப்பாவுக்கு எந்த எழுத்து, பெரியதா சின்னதா?

கேள்வி: 12 ஜனவரி 2025, ஞாயிறு காலை

மகன் தொடக்கநிலை 4. ஆங்கிலக் கட்டுரையில் 'மை ஃபாதர்' என்று எழுதும்போது எஃப்பைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தான். ஆசிரியர் சிவப்பில் வட்டம் போட்டுவிட்டார். நாலு வரி தள்ளி 'தென் ஃபாதர் ஸ்மைல்டு' என்று எழுதியிருக்கிறான். அங்கேயும் பெரிய எஃப்தான், அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பெற்ற அப்பாவைச் சின்ன எழுத்தில் எழுது என்று பிள்ளைக்கு நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? இதற்கு விதி ஏதாவது இருக்கிறதா, இல்லை திருத்துகிறவரின் அன்றைய மனநிலைதானா? சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஓர் அம்மா.

12 ஜனவரி, இரவு

விதி இருக்கிறது சகோதரி. ஆசிரியர் இரண்டு இடத்திலும் செய்தது சரி.

நான் வாத்தியார் இல்லை. தேக்கா பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் 27 வருடமாக வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பேனர், கருமாதி அட்டை எல்லாம் இரண்டு மொழியிலும் அடிக்கிறோம். புரூஃப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் ஏறிய விஷயம்தான் இது.

ஃபாதர் என்ற சொல்லை எடுத்துவிட்டு அங்கே உங்கள் வீட்டுக்காரர் பெயரை வைத்துப் பாருங்கள். குமார் என்று வைத்துக்கொள்வோம். 'தென் குமார் ஸ்மைல்டு' என்று தடையில்லாமல் ஓடுகிறது. அந்த இடத்தில் ஃபாதர் என்பது பெயராகவே வேலை பார்க்கிறது, அதனால் பெரிய எழுத்து. 'மை குமார்' என்று உங்கள் பையன் எழுதமாட்டான். அங்கே அது உறவைச் சொல்லும் பொதுச்சொல். மை பென்சில், மை பேக், மை ஃபாதர், எல்லாம் ஒரே வரிசை, எல்லாம் சின்ன எழுத்து.

நமக்கு ஏன் உறுத்துகிறது என்றால், தமிழில் அப்பா வந்தார் என்றாலும் என் அப்பா வந்தார் என்றாலும் மரியாதை கடைசியில் வரும் 'ஆர்' விகுதியில் இருக்கிறது. ஆங்கில வினைச்சொல்லில் அந்த 'ஆர்' இல்லை. மரியாதை எங்கேயாவது இருந்தாக வேண்டுமே என்று தேடுகிற நம் கண்ணுக்கு, சொல்லின் முதலில் நிமிர்ந்து நிற்கிற பெரிய எழுத்துதான் அகப்படுகிறது. ஆனால் பெரிய எழுத்துக்கும் மரியாதைக்கும் சம்பந்தமே இல்லை.

போன வருடம் ஒரு பெரியவர் மகன் கல்யாணப் பத்திரிகைக்கு வந்தார். மாப்பிள்ளையின் அப்பா என்ற இடத்தில் எஃப் சின்னதாக இருப்பதைப் புரூஃபில் பார்த்துவிட்டு, "காசு கொடுக்கிறவன் நான், என்னையே சின்னதாப் போட்டிருக்கீங்களே தம்பி" என்றார். மேலே எழுதியதையெல்லாம் பொறுமையாக விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "சரி, பெரிசாவே போடுங்க" என்றார். போட்டோம். அதைப் பார்த்த சம்பந்தி பெண்ணின் அப்பாவுக்கும் அப்படியே வேண்டும் என்றார். பிறகு இரண்டு அம்மாக்கள், அப்புறம் தாய்மாமன். 400 அட்டை. கடைசிப் புரூஃபில் 'ஆஃப்', 'அண்டு' தவிர எல்லாச் சொல்லும் தேசிய தின அணிவகுப்பு மாதிரி விறைப்பாக நின்றன.

13 ஜனவரி

நேற்று அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். உறவுச்சொல்லும் பெயரும் சேர்ந்து வந்தால்? 'அங்கிள் குமார்' என்று ஒட்டிக்கொண்டு வந்தால் அங்கிளுக்குப் பெரிய எழுத்து. 'மை அங்கிள் குமார்' என்றால் அங்கிள் சின்னது, குமார் மட்டும் பெரியது. பதவிக்கும் இதே கதைதான். பிரதமர் பெயருக்கு முன்னால் பதவி வந்தால் இரண்டு சொல்லுக்கும் பெரிய எழுத்து. ஒரு நாட்டுக்குப் பிரதமர் என்று ஒருவர் இருப்பார் என்று பொதுவாகப் பேசினால் சின்னது.

மரியாதைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி 'சார்' என்ற சொல். மரியாதைக்கென்றே பிறந்த சொல் அது. ஆனால் 'யெஸ், சார்' என்று வாக்கியத்தின் நடுவில் எழுதினால் எஸ் சின்னதுதான். கடிதத் தொடக்கத்தில் 'டியர் சார்' என்று வரும்போது மட்டும் பெரிதாகிறது. அதே கடிதத்தின் முடிவில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' என்று எழுதும்போது முதல் எழுத்து மட்டும் பெரியது, ஃபெய்த்ஃபுலியின் எஃப் சின்னது. இந்தக் கடைசி விஷயத்தில் தப்பாத வேலை விண்ணப்பத்தை நான் பார்த்ததில்லை. என்னுடையதும் சேர்த்து.

14 ஜனவரி

பொங்கல் வாழ்த்துகள். பண்டிகைக்குப் பெரிய பி. பானையில் இருப்பதற்குச் சின்ன பி.

14 ஜனவரி, சாயங்காலம்

மேலே உள்ளதை விளையாட்டுக்குத்தான் எழுதினேன், ஆனால் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஆமாம், உண்மைதான். தீபாவளிக்குப் பெரியது, முறுக்குக்குச் சின்னது. தோசை, பரோட்டா, தே தாரிக், ரொஜாக் எல்லாம் சின்னது. ஹைனானீஸ் சிக்கன் ரைஸில் ஹைனானீஸ் மட்டும் பெரியது, ஏனென்றால் அது ஹைனான் தீவின் பெயரிலிருந்து வந்தது. கோழியும் சோறும் எந்த ஊரில் இருந்தாலும் கோழியும் சோறும்தான். தேக்காவில் இருக்கும் உணவுக்கடைப் பலகைகளில் எல்லாமே பெரியதாகத்தான் இருக்கும். பலகை வேறு, வாக்கியம் வேறு. பலகையில் அலங்காரத்துக்கு எப்படி வேண்டுமானாலும் போடலாம்.

லிட்டில் இந்தியாவைப் பாருங்கள். எல் பெரியதாக இருந்தால் என்இ7 ரயில் நிலையம், பூக்கடை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். எல் சின்னதாக இருந்தால் ஏதோ ஒரு குட்டி இந்தியா, எந்த ஊரிலும் இருக்கலாம்.

19 ஜனவரி

தன் தாத்தா துறைமுகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர் என்றும், அவர் எழுதிய கடிதங்களில் பெயர்ச்சொல்லுக்கெல்லாம் பெரிய எழுத்து இருக்கிறது என்றும், அவருக்கு ஆங்கிலம் தெரியாதா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். உங்கள் தாத்தாவைக் குறை சொல்லாதீர்கள். பழைய புத்தகம் படித்துக் கற்றவராக இருப்பார்.

முதலில் பெரிய எழுத்து மட்டும்தான் இருந்தது. ரோமாபுரியில் டிரேஜன் தூணின் அடியில் கி.பி. 113இல் வெட்டிய கல்வெட்டு முழுக்கப் பெரிய எழுத்துதான். கல்லில் உளி வைக்கிறவனுக்கு நேர்க்கோடு வசதி. தோலிலும் தாளிலும் பேனாவால் வேகமாக எழுதும்போது எழுத்து வளைந்து குறுகியது. 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் சார்லமேன் என்ற அரசரின் ஆட்சியில் அந்தச் சின்ன எழுத்தை ஒழுங்குபடுத்திப் பரப்பினார்கள். அதற்கப்புறம்தான் பழைய எழுத்தைத் தலைப்புக்கும் தொடக்கத்துக்கும், புதிய எழுத்தை உடம்புக்கும் வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. ஆக பெரியது அண்ணன், சின்னது தம்பி. நாம்தான் தம்பியைப் படித்துவிட்டு அண்ணனை விசேஷத்துக்குக் கூப்பிடுகிறோம்.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலத்திலும் பெயர்ச்சொற்களுக்குத் தாராளமாகப் பெரிய எழுத்து போட்டார்கள். 1776 அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் கையெழுத்துப் படியைப் பாருங்கள். வாழ்வு, விடுதலை, மகிழ்ச்சியைத் தேடுதல் என்று வருகிற இடத்தில் மகிழ்ச்சிக்குப் பெரிய எழுத்து, தேடுதலுக்குச் சின்ன எழுத்து. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வழக்கம் மாறிவிட்டது. பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் எங்கள் தொழில்காரர்தான், அச்சடித்துப் பிழைத்தவர். பெயர்ச்சொல்லுக்குப் பெரிய எழுத்து போடுவதை விட்டுவிட்டார்களே என்று 1789இல் அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டருக்கு வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். ஜெர்மன்காரர்கள் இன்னும் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் போடுகிறார்கள். டென்மார்க்கில் 1948இல் விட்டுவிட்டார்கள்.

அப்பர் கேஸ், லோயர் கேஸ் என்கிறோமே, அதுவும் அச்சகத்துச் சொல்தான். ஈய எழுத்துகளைப் போட்டு வைக்கிற மரத்தட்டுக்குப் பெயர் கேஸ். இரண்டு தட்டைச் சாய்வாக ஒன்றின் மேல் ஒன்றாக வைத்திருப்பார்கள். அடிக்கடி தேவைப்படுகிற சின்ன எழுத்து கைக்குப் பக்கத்தில் கீழே, பெரிய எழுத்து மேலே. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் இளமையில் கையால் எழுத்துக் கோத்தவர். "இங்கிலீஷ் கேஸ்ல கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்டா, தமிழுக்கு அறை அறையாத் தேடணும்" என்பார். கொம்பு, கால், சுழி என்று நமக்கு அத்தனை அறை. ஆனால் எல்லாம் ஒரே சாதி, அண்ணன் தம்பி பேதம் கிடையாது.

26 ஜனவரி

சீனப் புத்தாண்டு வேலை தலைக்குமேல். ஒன்றே ஒன்று: மார்ச் மாதத்துக்குப் பெரிய எம், அணிவகுத்து நடப்பதற்குச் சின்ன எம். சைனா நாட்டுக்குப் பெரிய சி, பீங்கானுக்குச் சின்ன சி. கிழமைக்கும் மாதத்துக்கும் எப்போதும் பெரியது. வசந்தம், கோடை போன்ற பருவங்களுக்குச் சின்னது. நமக்கென்ன, இங்கே மழை, வெயில் இரண்டுதான்.

2 பிப்ரவரி

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண வரவேற்பு. பெண் பெயர் இளவரசி. மெல்லிசான, நவீனமான ஃபான்ட் வேண்டும் என்று கேட்டார்கள். நானும் கால், தொப்பி எதுவும் இல்லாத மொட்டை எழுத்து ஒன்றை எடுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மண்டபத்து வாசலில் ஆளுயரப் பலகை. புரூஃப் மூன்று பேர் பார்த்தோம், மூன்று பேருக்கும் பெயர் ஏற்கெனவே தெரியும்.

விருந்தை நடத்திக் கொடுத்தவர் சீன இளைஞர், நன்றாகப் பேசக்கூடியவர். பலகையைப் பார்த்துப் பெயரைக் கையில் எழுதிக்கொண்டார் போல. ஒலிவாங்கியைப் பிடித்து, "மிஸ் லாவரசி!" என்றார். கூட்டம் சிரித்தது. பெண் சிரிக்கவில்லை. நான் பின்வரிசையில் பிரியாணித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் மேல் தப்பே இல்லை. பலகைக்குப் போய்ப் பார்த்தால் முதல் இரண்டு எழுத்தும் இரண்டு குச்சி. முதல் குச்சி பெரிய ஐ, இரண்டாவது குச்சி சின்ன எல். இரண்டும் ஒரே தடிமன், கிட்டத்தட்ட ஒரே உயரம். தமிழ் தெரியாதவர் கண்ணுக்கு இரண்டு எல். ஸ்பெயின் மொழிப் பெயர் மாதிரி.

அன்றிலிருந்து இளங்கோ, இலக்கியா, இளமதி என்று யார் வந்தாலும் முதல் வேலை ஃபான்ட் பார்ப்பது. ஐயின் தலையிலும் காலிலும் கோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லின் அடியில் வால் வளைந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். மருந்தகத் திரையிலும் விமானச் சீட்டிலும் தன் பெயர் கெடுகிறதே என்று கேட்கிற இளங்கோக்களுக்கு: உங்கள் பெற்றோர் மேல் பிழையில்லை, அந்தக் குச்சி மேல்தான் பிழை.

3 பிப்ரவரி

"உங்கள் பேச்சை வைத்துப் பார்த்தால் முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் குழப்பமே வந்திருக்காதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான், பெரிய எல்லுக்குக் கால் உண்டு. எனக்கு அன்று தோன்றவில்லை.

இன்னொரு விஷயம். தமிழுக்குப் பெரிய எழுத்து இல்லை என்று 19ஆம் தேதி அடித்துச் சொன்னேன். இதை எழுதும்போதே கை என்னைப் பொய்யனாக்குகிறது. நான் தட்டுவது அஞ்சல் விசைப்பலகை. சின்ன எல்லைத் தட்டினால் ல, ஷிஃப்ட் பிடித்துப் பெரிய எல்லைத் தட்டினால் ள. சின்ன ஆருக்கு ர, பெரிய ஆருக்கு ற. சின்ன என்னுக்கு ன, பெரிய என்னுக்கு ண. 'பள்ளி' என்று எழுத இரண்டு தடவை பெரிய எல். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து பெயருக்காக எழுந்து நிற்கிறது, நம் விசைப்பலகையில் நாக்கு மடிவதற்காக. ஷிஃப்ட்டை விட்டால் பள்ளி பல்லியாகிவிடும், சுவரில் ஏறும்.

9 பிப்ரவரி

இப்போது முதல் நாள் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. பெரிய எழுத்துக்கும் மரியாதைக்கும் சம்பந்தமே இல்லை என்றேன். அந்தச் 'சம்பந்தமே' என்பதில் இருக்கிற ஏகாரம் அதிகப்பிரசங்கித்தனம்.

ஜெர்மன் மொழியில் 'நீங்கள்' என்று மரியாதையாகச் சொல்லும் 'சீ' என்ற சொல்லுக்கு எப்போதும் பெரிய எழுத்து. அதே ஒலியில் 'அவள்', 'அவர்கள்' என்று வரும்போது சின்னது. மரியாதையை எழுத்தில் காட்டுகிற மொழி இருக்கத்தான் செய்கிறது. ஆங்கிலத்தில் நேர்மாறாக 'நீ'க்குச் சின்னது, 'நான்'க்குப் பெரியது. அதை வைத்து வெள்ளைக்காரனுக்குத் தலைக்கனம் என்று சொல்லாதவர் இல்லை, நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் காரணம் சின்னதுதான்: பழைய 'இச்' என்ற சொல் தேய்ந்து தேய்ந்து ஒற்றைக் குச்சியாக நின்றுபோனது. தனிக் குச்சி கையெழுத்தில் பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக் காணாமல் போகும் என்று உயர்த்தி எழுதினார்கள். மறுபடியும் குச்சிதான் வில்லன்.

இதைவிடப் பெரிய உதாரணம் அமெரிக்காவில். கறுப்பினத்தவரைக் குறிக்க அந்தக் காலத்தில் எழுதிய 'நீக்ரோ' என்ற சொல்லைச் சின்ன என்னில்தான் அச்சடித்தார்கள். மற்றப் பல இனப்பெயர்களுக்குப் பெரிய எழுத்து. கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் போன்றவர்கள் பல வருடம் இதற்காக வாதாடினார்கள். 1930இல் நியூயார்க் டைம்ஸ் பெரிய எழுத்துக்கு மாறியது. மாறும்போது, இது வெறும் அச்சு மாற்றம் இல்லை, தலைமுறை தலைமுறையாகச் 'சின்ன எழுத்தில்' வைக்கப்பட்டவர்களின் சுயமரியாதையை ஏற்பது என்ற பொருளில் எழுதியது. பிறகு அந்தச் சொல்லே வழக்கொழிந்து 'பிளாக்' வந்தது, மறுபடியும் சின்ன பி. 2020 ஜூனில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அதைப் பெரிய பியாக்கியது.

ஆகவே அந்தப் பெரியவர் என் கடையில் கேட்டது, இலக்கணப்படி தப்பு, ஆனால் கேட்கக்கூடாத கேள்வி இல்லை. அவரிடம் நான் கொஞ்சம் வாத்தியார் மாதிரிப் பேசிவிட்டேன்.

ஈசூன் சகோதரி, இதைப் பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். தேர்வில் 'மை ஃபாதர்' இன்னும் சின்ன எஃப்தான்.

11 பிப்ரவரி, தைப்பூசம்

காலையிலேயே சிராங்கூன் சாலை நிறைந்துவிட்டது. பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி. போன வாரம் ஒரு தண்ணீர்ப் பந்தலுக்கு ஆங்கில பேனர் அடித்தோம். 'லார்டு முருகன்' என்பதில் எல் பெரியது, பெயரோடு ஒட்டிய பட்டம். கீழே 'தி காட் முருகன்' என்று ஒரு வரி. அங்கே ஜி சின்னது என்றேன். பேனர் கொடுத்த தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். கிறிஸ்துவர்கள் ஒரே கடவுள் என்ற பொருளில் எழுதும்போது 'காட்' என்பதே பெயர், அதனால் பெரியது. பல தெய்வங்களில் ஒருவர் என்று சொல்லும்போது பொதுச்சொல், சின்னது. விளக்கம் சரிதான். ஆனால் தைப்பூசத்துக்கு முந்தின வாரம் முருகனைச் சின்னதாக்குகிற தைரியம் எனக்கு வரவில்லை. அந்த வரியையே எடுத்துவிட்டு வேல் படம் போட்டுக் கொடுத்தேன்.

16 பிப்ரவரி

என் அண்ணன் மார்சிலிங்கில் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில்தான் அனுப்புவார், எல்லாம் பெரிய எழுத்தில். ஒருநாள் மதியம் 'கம் ஹோம்' என்று இரண்டே சொல், எட்டு எழுத்துகளும் பெரியவை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஓடினேன். போனால் பலாப்பழம் வெட்டி வைத்திருக்கிறார். "ஏன்ணே இப்படிக் கத்துறீங்க" என்றால், "கண்ணுக்கு நல்லாத் தெரியுதில்ல" என்கிறார்.

முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவது என்பது கணினி வலையில் 1980களில் படிந்த பழக்கம். அதற்கு முன் தந்தி, டெலிபிரிண்டர் காலத்தில் பல இயந்திரங்களுக்குச் சின்ன எழுத்தே கிடையாது, உலகமே கத்திக்கொண்டுதான் இருந்தது. அமெரிக்கக் கடற்படை 2013 வரை தன் செய்திகளை அப்படியே அனுப்பியது. அமெரிக்க வானிலைச் சேவை 2016 மே மாதத்தில்தான் விட்டது. தூறலாக இருந்தாலும் அவர்கள் கத்திச் சொன்ன காலம் ஒன்று இருந்தது.

கண்ணுக்கு நன்றாகத் தெரியும் என்பது ஒரு சொல்லுக்குச் சரி, பத்தி முழுக்க என்றால் இல்லை. சின்ன எழுத்தில் மேலே நீளும் கொம்பு, கீழே தொங்கும் வால் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் உருவம் வரும். பெரிய எழுத்தில் எல்லாம் ஒரே உயரச் செங்கல். அண்ணனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, எழுத்து அளவைக் கூட்டுவது எப்படி என்று கேட்டார். கூட்டிக் கொடுத்தேன். இப்போது பெரிய எழுத்து, பெரிய அளவு இரண்டும்.

நம் அடையாள அட்டையிலும் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில்தான். "ஐசியில இருக்கிற மாதிரியே போடுங்க" என்று சொல்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எஸ் ஓ (இன்னார் மகன்), டி ஓ (இன்னார் மகள்) என்பவற்றைச் சாதாரண எழுத்தில் மாற்றும்போது அவை சின்னதாகும், மலாய்ப் பெயரில் வரும் 'பின்' மாதிரி. பலர் அட்டையில் பார்த்தே பழகியதால் அதையும் பெயரின் பகுதியாக நினைத்துப் பெரியதாகவே எழுதுகிறார்கள்.

23 பிப்ரவரி

இங்கே எழுத்து பெயரையெல்லாம் தாண்டிக் காசில் கைவைக்கிறது. வீட்டு இணையத்துக்கு ஒரு ஜிபிபிஎஸ் என்று விளம்பரம் வந்தால் அதில் முதல் பி சின்னது. சின்ன பி என்றால் பிட், பெரிய பி என்றால் பைட். எட்டு பிட் ஒரு பைட். ஆக ஒரு விநாடிக்கு 125 மெகாபைட், அதுவும் எல்லாம் கூடிவந்தால். என் மருமகன் பெரிய பி என்று படித்துவிட்டு, ஏமாற்றுகிறார்கள் என்று ஒரு வாரம் சண்டை போட்டான். அவர்கள் சின்னதாகத்தான் போட்டிருந்தார்கள். இதேபோல் சின்ன எம் போட்ட மில்லிவாட்டுக்கும் பெரிய எம் போட்ட மெகாவாட்டுக்கும் 100 கோடி மடங்கு வித்தியாசம். அரிசி மூட்டையில் கேஜியைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள், அளவை முறைப்படி இரண்டும் சின்னதுதான். பெரிய கே தனியாக நின்றால் கெல்வின், வெப்ப அளவு.

ஒரு மனிதரின் பெயரால் வந்த அளவுக்குத்தான் குறியீட்டில் பெரிய எழுத்து: வாட், நியூட்டன், கெல்வின். லிட்டர் யார் பெயரும் இல்லை, அதனால் சின்ன எல். ஆனால் சின்ன எல் ஒன்று என்ற எண் மாதிரியே இருக்கிறது. (இளவரசிக்கு இது அப்போதே தெரியும்.) அதனால் 1979இல் எடை, அளவைகளுக்கான அனைத்துலக மாநாடு பெரிய எல்லையும் ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தின வருடம் கனடாவில் கென்னத் வூல்னர் என்ற பேராசிரியர் வேடிக்கையாக, 18ஆம் நூற்றாண்டில் கிளோட் லிட்டர் என்று ஒருவர் இருந்தார், ஆகவே பெரிய எல் நியாயம்தான் என்று ஒரு வாழ்க்கை வரலாறே எழுதிவிட்டார். முழுக் கற்பனை. அதை உண்மை என்று நம்பி ஒரு வேதியியல் பத்திரிகை எடுத்துப் போட்டது.

2 மார்ச்

ஒப்பந்தங்களில் ஏன் டெனன்ட் (வாடகைக்கு இருப்பவர்), பிரமிசஸ் (இடம்) எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கிறது என்று கேட்டவருக்கு. நான் அதைப் பந்தாவுக்கு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒரு சமயம் காகிதக் கட்டுகளைக் கடைக்கு வெளியே அஞ்சடி நடைபாதையில் அடுக்கியிருந்தேன். கட்டட உரிமையாளர் வந்து எடுக்கச் சொன்னார். வாடகைக்கு விட்ட 'இடம்' என்றுதானே போட்டிருக்கிறது, வாசலும் இடம்தானே என்றேன். அவர் முதல் பக்கத்தைத் திருப்பினார். அங்கே பெரிய பி போட்ட பிரமிசஸ் என்றால் இன்ன எண்ணுள்ள கடை, நான்கு சுவருக்கு உட்பட்டது என்று வரையறை. அந்தப் பெரிய எழுத்து எங்கே வந்தாலும், முதல் பக்கத்துக்குப் போ என்று அர்த்தம். கட்டுகளை உள்ளே தூக்கி வைத்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது.

மறுபடியும் பெயர்தான், பாருங்கள். ஒப்பந்தம் அந்தக் கடைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது.

15 மார்ச்

தலைப்பில் எந்தச் சொல்லுக்குப் பெரியது என்று கேட்காதீர்கள், அதற்கு ஊருக்கொரு வழக்கம். 'வித்', 'ஃபிரம்' மாதிரி நாலெழுத்து முன்னிடைச்சொல்லுக்குப் பெரியது என்பார்கள் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) பாணிக்காரர்கள். சிகாகோ பாணிக் கையேட்டுக்காரர்கள் பல காலம் எவ்வளவு நீளமானாலும் சின்னது என்றார்கள், 2024 பதிப்பில் ஐந்தெழுத்தும் அதற்கு மேலும் இருந்தால் பெரியது என்று இறங்கி வந்தார்கள். எங்கள் கடையில் முதலாளியம்மா சொல்வதுதான் பாணி.

16 மார்ச்

ஒருவர் கோபப்பட்டிருக்கிறார்: இத்தனை பக்கம் எழுதியும் ஒரு பெரிய எழுத்தைக்கூடக் கண்ணில் காட்டவில்லையே என்று. தமிழில் எழுதிக்கொண்டு அதை எப்படிக் காட்டுவது? வானொலியில் கோலம் போடுகிற கதைதான்.

23 மார்ச்

ஈசூன் சகோதரி படம் அனுப்பியிருந்தார். பையன் அப்பா பிறந்தநாளுக்குத் தானே அட்டை செய்திருக்கிறான். ஆங்கிலத்தில் வாழ்த்து எழுதி, காற்புள்ளி வைத்து, கடைசியில் 'அப்பா' என்று ஆங்கில எழுத்திலேயே எழுதியிருக்கிறான். நேராகக் கூப்பிடுகிறான், பெயராக வேலை பார்க்கிறது, முதல் ஏ பெரியது. சரிதான். உள்ளே ஒரு வரியில் 'மை அப்பா' என்று வருகிறது, அங்கே ஏ சின்னது. அதுவும் சரி.

ஆனால் அட்டையின் முன்பக்கத்தில் அதே சொல்லை நாலு எழுத்தும் பெரியதாக, நாலு நிறத்தில், பக்கம் நிறைய வரைந்திருக்கிறான். இது கத்துவதில் சேருமா என்று அம்மா கேட்கிறார். விடுங்கள் சகோதரி, அது பலகை.